சைக்கிள் டியூபும் சாக்குத் துணியும்

நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



மேசைமேல் பரப்பி வைத்திருக்கும் சாமான்களைப் பார்த்து முன்வரிசையில் பேச்சு தொடங்கிவிட்டது. மூன்று மூங்கில் குச்சிகள், மூக்குச் சொட்டுமருந்து தீர்ந்துபோன ஒரு புட்டி, அரிசி போட்டுக் கட்டிய பழைய காலுறை, சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையங்கள், ஒரு முழம் சாக்குத் துணி. குச்சி நேற்றுத்தான் இந்த ஊர்க் கடைத்தெருவில் வாங்கியது. மற்றவை என் வீட்டுப் பரணில் கிடந்தவை. ஸ்காட்லாந்து மலைகளில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் தங்கள் கையாலேயே செய்துகொள்ளும் கருவிகளைப் பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

மான் வேட்டை என்றதும் சிலருடைய முகம் மாறுகிறது. மாறத்தான் வேண்டும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம். அந்தச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நான் சொல்லப்போகும் எதையும் இங்கே ஒருவரும் செய்துபார்க்க வேண்டாம். ஸ்காட்லாந்தின் நிலை வேறு. அங்கே ஓநாய் அற்றுப்போய் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கரடியும் லின்க்ஸ் என்ற காட்டுப்பூனையும் அதற்கு முன்பே போய்விட்டன. மானை அடித்துத் தின்ன மலையில் எதுவும் மிச்சமில்லை. மான்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தை நெருங்குகிறது என்று அங்கே பரவலாக மதிப்பிடுகிறார்கள். பைன், பிர்ச் மரங்கள் முளைத்து ஒரு சாண் வளர்வதற்குள் மான்கள் மேய்ந்துவிடுகின்றன. காடு திரும்பி எழ முடிவதில்லை. கடுங்குளிரில் மான்களே மேய்ச்சல் இல்லாமல் மெலிந்து சாகின்றன. ஓநாய் செய்த வேலையை இப்போது மனிதன் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறான். அந்த வேலைக்காரருக்கு ஸ்டாக்கர் என்று பெயர். ஆண் மான்களைச் சுடக்கூடாத மாதங்கள் என்று முன்பு இருந்ததை 2023இல் எடுத்தேவிட்டார்கள். தேவை அந்த அளவுக்கு இருக்கிறது.

ஸ்டாக்கரின் முறை, பதுங்கிப் போவது. காலையில் தொலைநோக்கியால் மலைச்சரிவைத் துழாவி மானைக் கண்டுபிடிப்பார். பிறகு காற்று பார்த்து, மேடு பள்ளம் பார்த்து, இரண்டு மூன்று மணி நேரம் நடந்தும் குனிந்தும் வயிற்றால் ஊர்ந்தும் நூறு நூற்றைம்பது மீட்டர் தூரத்துக்குள் போய்ச் சேருவார். சுடுவது ஒரே குண்டு. அந்த ஒரு குண்டில் மான் நின்ற இடத்திலேயே விழ வேண்டும். தப்பினால் தப்பிப் போகட்டும், காயத்தோடு மட்டும் ஓடிவிடக் கூடாது. இதுதான் அந்தத் தொழிலின் அறம். நான் காட்டப்போகும் ஒவ்வொரு கைவேலைக்கும் பின்னால் இந்த ஒரு கவலைதான் இருக்கிறது.

நான் பொறியாளர். இன்வர்னஸ் நகரத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். ஓய்வுபெற்ற ஸ்டாக்கர் ஒருவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அவர் மலைக்குப் போகும்போது சுமை தூக்கக் கூடப் போய், பிறகு முறையாகப் பயிற்சி பெற்று, உரிமம் வாங்கி நானும் போனேன். அவரைப் பெரியவர் என்றே இங்கே சொல்கிறேன். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

முதலில் இந்தப் புட்டி. மானுக்குக் கண்ணும் காதும் கூர்மைதான், ஆனால் மூக்குக்கு முன்னால் அவை ஒன்றுமில்லை. மனித வாடை ஒரு முறை அடித்தால் போதும், மந்தையே மலை தாண்டிவிடும். ஆகவே காற்று எந்தப் பக்கம் என்று நிமிடத்துக்கு நிமிடம் தெரிய வேண்டும். புல்லைக் கிள்ளி வீசிப் பார்ப்பது பழைய வழி. சதுப்பில் வெள்ளைப் பஞ்சாகப் பூத்திருக்கும் ஒரு கோரையின் பஞ்சைப் பிய்த்துவிடுவது அதைவிட நல்லது. ஆனால் இலேசான காற்றோட்டத்தைக் காட்ட மாவுதான் சரி. காலி மருந்துப் புட்டியைக் கழுவிக் காயவைத்து, வாசனை சேர்க்காத டால்கம் பவுடரோ சோளமாவோ நிரப்பி, மூக்குக்கு முன்னால் பிடித்து ஓர் அமுக்கு. புகைபோல ஒரு கீற்று வெளியே வந்து, போகிற திசையில் போகும். வாசனைப் பவுடர் போட்டால் எதற்காகப் புட்டி கொண்டுபோனோமோ அதுவே கெட்டது.

இதில் ஒரு சிக்கல். ஸ்காட்லாந்து மலையில் ஈரம் இல்லாத நாள் இல்லை. பத்து மணிக்குள் மாவு கட்டி தட்டிவிடும். நம் வீட்டு உப்பு ஜாடி எனக்கு ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் அம்மா அதில் பத்துப் பன்னிரண்டு அரிசி போட்டு வைப்பார். அதையே புட்டியில் செய்தேன். அரிசி ஈரத்தையும் இழுத்துக்கொண்டது, குலுக்கும்போது கட்டியையும் உடைத்தது. நுனித் துளையில் ஓர் அரிசி வந்து அடைத்தால் தலைகீழாக ஒரு தட்டு தட்டினால் போதும். பெரியவர் அதை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவருடைய புட்டியிலும் அரிசிச் சத்தம் கேட்டது.

புட்டி நமக்குச் சொல்லித்தரும் பாடம் பெரிது. மலைக் காற்று ஒரு திசையில் வீசுவது கிடையாது. விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி வழியும். வெயில் ஏறிச் சரிவு சூடானதும் மேல்நோக்கித் திரும்பும். கிண்ணம்போலக் குடைந்த மலைமடிப்புகளை அங்கே கோரி என்பார்கள். அவற்றுக்குள் காற்று சுழலும். முகத்தில் அடிக்கிற காற்றை நம்பிப் போனால் ஐம்பது அடி தள்ளி அதே காற்று முதுகுப்பக்கமாக மானிடம் போய்க்கொண்டிருக்கும். அந்தக் கீற்று போய்ச் சுழன்று திரும்புவதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

அடுத்தது சத்தம். ஒரு செப்டம்பர் மாதக் காலை, தூறல். இரண்டரை மணி நேரம் ஊர்ந்து போயிருக்கிறோம். முழங்கை முழுக்கக் கரிய பீட் சேறு. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிழட்டு ஆண்மான் படுத்திருக்கிறது. நான் ரைஃபிளின் வாரைத் தோளிலிருந்து இறக்கினேன். வாரும் கட்டையும் சேருகிற இரும்பு வளையம் 'கீச்' என்றது. எலி கத்தினாற்போல, அவ்வளவுதான். மான் எழுந்தது, எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தது, போய்விட்டது. பெரியவர் திட்டவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு மெழுகுவர்த்தியை எடுத்து அந்த வளையத்தில் தேய்த்தார். பிறகு என் மேல்கோட்டின் பையில் கைவிட்டுச் சில்லறைக் காசை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். ஒட்டுப்பட்டி வைத்த பை மலைக்கு ஆகாது, பொத்தான்தான் வேண்டும் என்றார். பட்டியைப் பிரிக்கும் அந்தக் கிழிகிற சத்தம் மானுக்குத் துப்பாக்கிச் சத்தம் மாதிரி.

அன்று என்னிடம் ரைஃபிளைத் தாங்கிப் பிடிக்கக் கடையில் வாங்கிய முக்காலி ஒன்றும் இருந்தது. விலை அதிகம், கால் நுனியில் இரும்புப் பூண். கல்லில் ஊன்றும்போதெல்லாம் 'டங்' என்றது. வீட்டுக்கு வந்ததும் பெரியவர் கொல்லைக்குக் கூட்டிப்போனார். பீன்ஸ் கொடி ஏற்ற வைத்திருந்த மூங்கில் குச்சி மூன்று. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆறடி. பழைய சைக்கிள் டியூபைக் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டினார். விரல் அகலத்தில் வளையம் வளையமாக வந்தது. இதோ, செய்து காட்டுகிறேன். மூன்று குச்சியையும் சேர்த்துப் பிடித்து, மேலிருந்து ஒரு சாண் கீழே இந்த வளையத்தை எட்டுப்போல முறுக்கி மாட்ட வேண்டும். ஒரு வளையம் தளர்ந்தால் இன்னொன்று மேலே. இப்போது கால்களை விரித்தால் முடிச்சுக்கு மேலே குச்சிகள் கவைபோல நிற்கின்றன. ரைஃபிளின் முன்கட்டை இந்தக் கவையில் உட்காரும். கவையின் உட்பக்கத்தில் கொஞ்சம் டியூபை இழுத்து மாட்டினால் கட்டையில் கீறலும் விழாது, சத்தமும் வராது. கால் நுனியிலும் ஒரு துண்டு ரப்பர். நடக்கும்போது சேர்த்துப் பிடித்தால் கைத்தடி. ஆற்றைக் கடக்கும்போது ஆழம் பார்க்கலாம். வெறுங்கையால் பிடித்துச் சுடும்போது நம் மூச்சுக்கும் நெஞ்சுத் துடிப்புக்கும் குழல்முனை ஆடும். இந்த மூன்று குச்சியும் அந்த ஆட்டத்தின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்கின்றன.

மூங்கில் அந்த மண்ணின் மரமல்ல. தோட்டக் கடையில் விற்பதால் வாங்குகிறார்கள். பழைய ஆட்கள் ஹேசல் மரத்துக் கம்பைத்தான் விரும்புவார்கள். மரத்தில் சாறு இறங்கிய குளிர்காலத்தில் வெட்டி, கொட்டகையில் ஒரு வருடம் காயவைத்து, வளைவை நிமிர்த்திச் செய்வார்கள். அந்தக் கம்பு தாத்தாவிடமிருந்து பேரனுக்குப் போகும்.

காலுறைக்கு வருவோம். படுத்துச் சுடும்போது ரைஃபிளின் பின்கட்டைக்கு அடியில் ஒரு திண்டு வேண்டும். உள்ளங்கையால் அமுக்கினால் குழல்முனை தாழும், விட்டால் உயரும். மயிரிழை அளவுக்குச் சரிசெய்யலாம். காலுறையில் அரிசி போட்டுக் கட்டினால் அருமையான திண்டு. ஆனால் நாலு நாள் மழையில் நனைந்தால் அரிசி ஊறி நாற்றமெடுக்கும். அங்கே எல்லாரும் பிளாஸ்டிக் மணிக்கு மாறிவிட்டார்கள். எடையும் குறைவு.

இனி இந்தச் சாக்குத் துணி. இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஸ்டாக்கருக்குத் துணையாகப் போகிற ஆளுக்கு கில்லி என்று பெயர். கேலிக் மொழியில் பையன், ஏவலாள் என்று பொருள். சாக்கைக் கீறி நார் நாராகத் தொங்கவிட்டு, வலையில் கட்டி, அந்தந்த இடத்துச் செடியையே பிடுங்கிச் செருகி உடுத்துகிற உடைக்கு கில்லி சூட் என்று பெயர் வந்தது இந்த மலையாட்களால்தான். மனித உருவத்துக்கு ஓரம் இருக்கிறது. தோள், தலை, முழங்கை எல்லாம் கோடு போட்டதுபோலத் தெரியும். தொங்கும் நார் அந்தக் கோட்டைக் கலைத்துவிடும். 1900இல் போயர் போருக்காக லோவட் பிரபு மலைநாட்டு ஸ்டாக்கர்களையும் கில்லிகளையும் சேர்த்து லோவட் ஸ்கவுட்ஸ் என்ற படையைக் கட்டினார். முதல் உலகப் போரில், 1916இல், அவர்களிலிருந்தே குறிபார்த்துச் சுடுவோரின் தனிப் பிரிவு எழுந்தது. தொலைநோக்கியால் மணிக்கணக்காக ஒரு சரிவைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை அவர்களுக்குத் தொழில்வழி வந்தது. இன்று உலகத்தின் எல்லாப் பெரிய படைகளிலும் மறைந்திருந்து சுடுவோர் உடுத்துவது இந்த உடையின் வழிவந்ததைத்தான். கொட்டகையில் ஒரு கூலியாள் ஊசியும் நூலுமாகச் செய்த கைவேலை அது.

அந்தச் சாக்குக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாக்கு நெய்த டண்டீ நகரத்து ஆலைகளுக்குச் சணல் வங்காளத்து வயல்களிலிருந்து போனது. அங்கே ஒருவர் சாக்கைக் கீறும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும். இதைச் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். சணல் நார் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்புப் பக்கத்தில் இந்த உடையோடு உட்காரக் கூடாது.

சின்னச் சின்ன யுக்திகள் இன்னும் நிறைய. வேகமாகச் சொல்கிறேன். கத்தியின் கைப்பிடியில் ஆரஞ்சு நிற நாடா சுற்ற வேண்டும். ஹெதர் புதரில் விழுந்த கத்தியை நாடா இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. நான் இரண்டு கத்தி இழந்தேன். அந்த நிறம் நமக்குப் பளிச்சென்று தெரிவதுபோல மானுக்குத் தெரியாது. நனைந்த பூட்ஸை நெருப்பருகே வைத்தால் தோல் வெடிக்கும். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் காலைக்குள் காய்ந்துவிடும். மிட்ஜ் என்ற பொடிக்கொசு கோடையில் மேகம்போல வரும். அதற்குப் பூசுகிற மருந்துகளில் டீட் என்ற சரக்கு இருந்தால் பூசிய கையோடு ரைஃபிளைத் தொடாதீர்கள். அது பிளாஸ்டிக்கையும் வார்னிஷையும் கரைக்கும். என் தொலைநோக்கியின் ரப்பர் வளையத்தில் என் விரல்ரேகை இன்னும் பதிந்திருக்கிறது.

மழையில் குழலுக்குள் தண்ணீர் இறங்காமலிருக்கக் குழல்வாயில் மின்வேலைக்காரர் ஒட்டும் நாடாவை ஒரே சுற்று ஒட்டுவார்கள். சுடும்போது குண்டுக்கு முன்னால் தள்ளப்படும் காற்றே அதைக் கிழித்துவிடும். ஒரு மெல்லிய சுற்று, அவ்வளவுதான். கார்க்கோ துணியோ அடைத்துவிட்டு மறந்து சுட்டால் குழல் வெடிக்கும். விழுந்து எழுந்தபின் குழலில் சேறோ பனியோ புகுந்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே குண்டை இறக்கி, போல்ட்டைக் கழற்றி, பின்பக்கமாக வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். வட்டமாக வெளிச்சம் தெரியாவிட்டால் அன்றைய வேட்டை முடிந்தது.

இந்த இடத்தில் நான் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. துப்பாக்கிக்கு வெளியே எல்லாம் கைவேலை செய்யலாம். துப்பாக்கிக்கு உள்ளே கைவேலை கூடாது. விசையை இலகுவாக்குகிறேன், பூட்டை அரத்தால் தேய்க்கிறேன், ஒலியடக்கியை நானே கடைகிறேன் என்று கிளம்புகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பொறியாளன் என்பதால் எனக்கும் அந்த ஆசை இருந்தது. பெரியவர் கதவையே சாத்திவிட்டார். அங்கே சட்டமும் கண்டிப்பானது. சிவப்பு மானைச் சுடும் குண்டு நொடிக்கு 2450 அடி வேகத்துக்கும், 1750 அடி-பவுண்டு ஆற்றலுக்கும் குறையக் கூடாது. வில்லும் அம்பும் அறவே கூடாது. அரைகுறை அடி மானைக் கொல்லாது, வதைக்கும் என்பதால் வந்த விதி. உள்ளே பழுது என்றால் துப்பாக்கித் தொழிலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அந்த வாரம் வீட்டில் இருப்பதே முறை.

சுட்டபிறகுதான் பாதி வேலை. மான் விழுந்தது கண்ணில் படாவிட்டால் பதற்றத்தில் ஓடுவது தவறு. சுட்ட இடத்தில் இந்த முக்காலியை அப்படியே நட்டுவிட்டு, மான் நின்ற இடத்துக்கு ஒரு பாறையையோ மரத்தையோ அடையாளம் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் குச்சி தெரியும், நேர்க்கோடு தப்பாது. முதல் ரத்தத்துளி கண்ட இடத்தில் கழிவறைக் காகிதத்தில் ஒரு துண்டு. அடுத்த துளியில் இன்னொரு துண்டு. பத்துத் துண்டு ஆனதும் நிமிர்ந்து பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் கோடாக நின்று மான் போன வழியைச் சொல்லும். மழையில் காகிதம் கரைந்து மண்ணோடு போய்விடும், மலையில் குப்பை சேராது. அடிபட்ட மானை இருட்டும்வரை தேடுவது, கிடைக்காவிட்டால் விடியலில் மோப்ப நாயோடு மறுபடி போவது என்பது அங்கே எழுதாத சட்டம். அந்தக் காகிதச் சுருள் இல்லாமல் பெரியவர் ஒருநாளும் மலையேறியதில்லை. தன் பையிலிருக்கிற பொருள்களில் மானுக்கு மரியாதை செய்வது இதுதான் என்பார்.

குடலை மலையிலேயே எடுத்துவிடுவார்கள், அதற்குக் கிராலக் என்று பெயர். பிறகு கீழே கொண்டுவருவது. முன்பு மட்டக்குதிரைமேல் ஏற்றினார்கள். சில பண்ணைகளில் இன்றும் அப்படித்தான். தனியாள் என்ன செய்வது? நம் தெருவில் தண்ணீர் பிடித்து வைக்கிறோமே நீல டிரம், அதை நீளவாக்கில் அறுத்து, முனையில் இரண்டு துளை போட்டுக் கயிறு கோத்தால் சறுக்குத் தட்டு. ஹெதர்மேல் வழுக்கிக்கொண்டு வரும். தோலும் இறைச்சியும் சேற்றில் படாது. இறைச்சி விற்பனைக்குப் போவதானால் அதன் உள்வெப்பம் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க வேண்டும். சுட்ட உயிரை வீணாக்குவதைப் போலப் பாவம் வேறில்லை என்று அங்கே ஒவ்வொரு வீட்டிலும் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கும் அதுவே கருத்து.

கடைசியாக ஒன்று. உங்களில் பலருடைய பிள்ளைகள் கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். விடுமுறையில் மலையேறுகிறார்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வேட்டை மும்முரமாக நடக்கும் காலம். வண்டி நிறுத்தும் இடத்தில் பண்ணையார் அறிவிப்பு வைத்திருப்பார். அதைப் படித்துவிட்டு, அதில் சொன்ன பாதையில் போகச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தலைமுடி எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். மானும் ஆடும் திரிகிற இடமெல்லாம் உண்ணி இருக்கும். அது லைம் நோயைக் கொடுக்கும். உண்ணியைப் பார்த்தால் நாம் தீக்குச்சியால் சுடுவோம், எண்ணெய் விடுவோம். இரண்டும் தவறு. இந்த ஒரு விஷயத்தில் கைவைத்தியம் வேண்டாம். உண்ணி எடுக்கும் சிறு கொக்கி அங்கே எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. அது இல்லாவிட்டால் கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக மேலே இழுத்து எடுக்க வேண்டும். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் படர்ந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்றிரவு தொலைபேசியில் பேசும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.